எட்டு, ஒன்பது, பத்து

சேணத்தில் எண்ணிக்கை முழுதாக இருந்தது என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவர், அன்றும் இன்றும் எங்களுக்குத் துணைவரும் வனக்காவலர் மாசிலாமணி. சென்ற மார்கழியின் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்தரை மணிக்கு, இந்த ஊற்றின் கரையில், எரிய மறுத்த டார்ச் விளக்கைத் தொடையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "சேணத்துல பத்தும் கேட்டுச்சு. டீச்சர் வாயால வந்துச்சு, அதுல தப்பு வராது." இன்றும் மார்கழியின் இரண்டாம் ஞாயிறு, காலை எட்டு மணி, அதே ஊற்று. குனிந்து முகம் கழுவுகிறேன். குளிர் நெற்றியெலும்பு வரை இறங்குகிறது. "நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிசம். பேச்சக் கொறச்சா இன்னும் சீக்கிரம்," என்கிறார் அழகர்ராஜா. எங்கள் ஞாயிறு மலையேற்றக் குழுவின் தலைவர், எண் ஒன்று, பஞ்சாலையில் மின்பிரிவு மேற்பார்வையாளர். நாற்பத்தைந்து நிமிடத்தில் சேணம். நீலமொட்டைக்கும் அதைவிடச் சற்றே உயரம் குறைந்த அடுத்த முகட்டுக்கும் இடையே, குதிரை முதுகில் போட்ட சேணம் போல வளைந்து கிடக்கும் புல்மேடு. அங்கே நின்றுதான் எண்ணுவோம், ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; குழுவில் சேர்ந்த அன்று தரப்படுவது, சாகும்வரை மாறாதது. முன்னால் நிற்பவர் ஒன்று என்பார். இரண்டு, மூன்று என்று குரல் வரிசையின் கடைசிவரை நடந்து வர வேண்டும். நான் எட்டு. எனக்குப் பின்னால் தெய்வானை, ஒன்பது. அவளுக்குப் பின்னால் கோதண்டம், பத்து. அவர்கள் இருவரும் இம்மலையில் இறந்து இன்றோடு ஓராண்டு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் போனவரின் எண்ணை ஓராண்டு கழிந்ததும், அவர் கடைசியாகக் குரல் கொடுத்த இடத்துக்குச் சென்று, அவருக்கு முன்னால் நடந்தவர் உரக்கச் சொல்லி மூடிவிட வேண்டும். அதன்பின் அந்த எண் எவருக்கும் தரப்படுவதில்லை, எவர் வாயிலும் வருவதில்லை. அவர்கள் கடைசியாகக் குரல் கொடுத்த இடம் சேணம் என்று குழுவின் குறிப்பேட்டில் இருக்கிறது. மூட வேண்டியவள் நான். பையை மாட்டிக்கொள்கிறேன். என் பின்னால் கோதண்டத்தின் மனைவி வத்சலா வந்து நிற்கிறாள், வாழ்நாளில் முதல்முறையாக மலையேறுகிறாள், கணவனின் கைத்தடியோடு.

மூடுபனி கீழிருந்து எழுந்து வருகிறது, நாங்கள் அதற்குள் ஏறவில்லை, அதுதான் எங்களுக்குள் ஏறுகிறது, மூக்கின் வழியாக, வாயின் வழியாக, பேசத் திறந்த வாய்க்குள் ஈரத்துணி போல வந்து படிகிறது. முன்னால் செல்பவர்களின் பைகள் மட்டும் நிறங்களாக மிதக்கின்றன: சிவப்பு, நீலம், மறுபடி நீலம். பிறகு நீலம் கரைந்து சிவப்பு மட்டும். பிறகு அதுவும் இல்லை, காலடி ஓசை மட்டும். தெய்வானைக்கு மூடுபனி பிடிக்கும். அஞ்சலகத்தில் முப்பத்தொரு ஆண்டு கடிதங்களைப் பிரித்து அடுக்கியவள். வழி தவறினால், "விலாசம் சரியில்ல, அனுப்புனருக்கே திருப்பி அனுப்புங்கப்பா," என்று பின்னாலிருந்து கத்துவாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பின்கோடு வைத்திருந்தாள். இந்த ஈச்சம்புதர் வளைவுக்கு என்ன எண், ஆறு இலக்கம், கடைசி இரண்டு நினைவில்லை. நினைவில்லாமல் போகலாமா. மாணவிகளிடம் ஒருமுறை கேட்ட பெயரை இருபது ஆண்டு கழித்தும் தலைப்பெழுத்தோடு சொல்லும் எனக்கு, தோழி வைத்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இல்லை. எலுமிச்சைப் புல் காலில் மிதிபட்டு மணக்கிறது. கோதண்டம் இந்த மணத்தை முகர்ந்துவிட்டு, "டீச்சரக்கா, இதையே பாட்டில்ல அடைச்சா நூத்தம்பது ரூபா, இங்க ஓசி," என்பார். மருந்துக்கடைக்காரர், எல்லாவற்றையும் பாட்டிலில் அடைத்துப் பார்ப்பார். நாங்கள் மூவரும்தான் வயதானவர்கள், எப்போதும் கடைசி மூவர். வங்கியில் வேலைபார்க்கும் நிவேதன், எண் ஐந்து, எங்களுக்கு 'பென்ஷன் கோச்' என்று பெயர் வைத்திருந்தான். "பென்ஷன் கோச் கழண்டுருச்சா, மாட்டிக்கிட்டு வருதா?" என்று மேலிருந்து கேட்பான். தெய்வானை சிரிப்பாள். "இன்ஜின் இல்லாமலே வருவோம்டா, நீ நகரு!" நான் சிரித்ததில்லை. கடைசி மூவரால் இக்குழு ஒருநாளும் தாமதமாகக் கூடாது என்று மனத்துக்குள் விதி எழுதி வைத்திருந்தேன், பதினோராண்டு அதை மீறவில்லை, ஒருமுறைகூட எங்களுக்காக நிறுத்தம் விழுந்ததில்லை. நிறுத்தம் என்றால் என்ன என்பது பின்னால் வருபவளுக்குத் தெரியாது. ஓர் எண் குறைந்தால் எல்லோரும் பையை இறக்கிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இருபது நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை விசில். அதற்கும் வராவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். இதுதான் எங்கள் குழுவின் முதல் விதி. குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அதை எழுதியவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் தந்தார்கள்.

டக் என்கிறது. டக். பின்னால் தடி பாறையில் ஊன்றும் ஓசை. நின்றுவிடுகிறேன். "என்ன டீச்சர், நின்னுட்டீங்க?" வத்சலா. கோதண்டத்தின் தடி, அதன் முனையில் அவரே பொருத்திய இரும்புப் பூண். "ஒன்றுமில்லை, வாம்மா." அவள் மூச்சு வாங்குகிறாள், நடுவில் பேசுகிறாள், பேசுவதற்காகவே மூச்சு வாங்குகிறாளோ என்று தோன்றுகிறது. "இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை தவறாம ஓடி வந்தாரா மனுசன்? வீட்ல மொட்டமாடிக்கு ஏறி வடாம் எடுத்துட்டு வாங்கன்னா முட்டி வலிம்பாரு. இங்க பாருங்க, ஆட்டுக்கு வச்ச படி மாதிரி இருக்கு." சிரிக்கிறேன். சிரிப்பு மூடுபனிக்குள் போய்த் திரும்பி வரவில்லை. "டீச்சர், ஒண்ணு கேக்கணும்." கேட்காதே. "கேளம்மா." "கடைசியா அவரு பத்துன்னு சொன்னாருல்ல, சேணத்துல. எப்படிச் சொன்னாரு?" டக். "எப்படி என்றால்?" "இல்ல, குரல் எப்படி இருந்துச்சு. களைச்சுப்போயிருந்துச்சா, சிரிச்ச மாதிரியா. கடையில டோக்கன் கூப்பிடுவாரு பாருங்க, 'பத்தூ'ன்னு இழுத்து, அப்படியா? எல்லாரும் பத்து கேட்டுச்சு, பத்து கேட்டுச்சுங்குறாங்க. எப்படிக் கேட்டுச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க." பக்கத்தில். எத்தனை அடி பக்கத்தில் என்று அவள் கேட்கவில்லை. "காற்று அதிகமாக இருந்தது," என்கிறேன். அது பொய் இல்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை. காற்று அதிகமாகத்தான் இருந்தது. "மேலே போய்ச் சொல்கிறேன்." "சரி. அந்த இடத்துல வச்சே சொல்லுங்க. அதான் சரி." அவள் நிறைவடைந்துவிட்டாள். மேலே சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் அவள் தடியின் ஓசைகூட இலேசாகிறது.

காற்று அதிகமாக இருந்தது, அதுதான் தொடக்கம். பலத்த காற்றில் கடைசிக் குரல் முன்னால் எட்டாது, ஆகவே நடுவில் நிற்பவர் வாங்கிக் கடத்திச் சொல்லலாம், விதி இடம் தருகிறது. அன்று காலையிலிருந்தே தெய்வானைக்குத் தொண்டை கட்டியிருந்தது, முணுமுணுப்புக்கு மேல் குரல் எழவில்லை. ஆகவே அன்று அவள் தடியால் பாறையில் ஒருமுறை தட்டுவாள், நான் ஒன்பது என்பேன். கோதண்டம் விளையாட்டாக அவரும் குரலுக்குப் பதில் இருமுறை தட்டுவார், நான் பத்து என்பேன். ஏறும்போது சேணத்தில் அப்படித்தான் நடந்தது, ஒரு தட்டல், இரு தட்டல், "பாத்தியா வல்லி, தந்தி ஆபீஸ் மாதிரி இருக்கு," என்று காதருகே வந்து கரகரத்தாள். மரகதவல்லி என்ற என் பெயரின் வாலை மட்டும் பிடித்துக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். இறங்கும்போதும் தட்டல் கேட்டது. கேட்டது என்றுதான் ஓராண்டாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தட்டல், பிறகு இரு தட்டல். அப்படியானால் மூன்று ஓசை. மூன்று கேட்டதா? ஒன்று கேட்டது. ஒன்று நிச்சயம். கூரிய ஓசையா, மந்தமான ஓசையா? இரும்புப் பூண் கூரிய ஓசை எழுப்பும். நான் கேட்டது மந்தமானது, ஈரமானது, பாறை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை. இப்போதும் சொட்டுகிறது பார், இடப்பக்கத்தில், பாசி படிந்த அந்த விளிம்பில், டொப், டொப். ஒருவேளை அதுவும் இல்லை. ஒருவேளை மழைக்கோட்டின் தொப்பிமேல் விழுந்த முதல் துளி. தட்டல் கேட்க வேண்டிய நேரம் வந்தது, கேட்டது போல இருந்தது. என்ன சொல் அது, போல. விடைத்தாளில் 'போல' என்று எழுதிய பெண்ணை எழுப்பி நிறுத்தி, இருந்ததா இல்லையா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டிருப்பேன். இல்லை. கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேனா? பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள் அவர்கள் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

"அட்டை, அட்டை! எல்லாரும் காலப் பாருங்க!" முன்னாலிருந்து நிவேதனின் குரல். வரிசை நிற்கிறது. வத்சலா அலறவில்லை, கணுக்காலில் ஒட்டிய அட்டையை உற்றுப் பார்க்கிறாள். "இதுக்குக் கடையில ஒண்ணும் மருந்து இல்ல பாத்துக்கங்க." நிவேதன் உப்புப் பொட்டலத்தோடு இறங்கி வருகிறான், மண்டியிட்டு அவள் காலில் தூவுகிறான். "பயப்படாதீங்க அத்தை, ரொம்பக் குடிக்காது, காந்தி ஜெயந்தின்னா லீவு விட்டுரும்." "போடா, உங்க மாமா இருந்தா உன்னையவே பாட்டில்ல போட்டுருப்பாரு." இருவரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அவன் அப்படியே மண்டியிட்டிருக்கிறான், உப்புக் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல். ஓராண்டாக ஒருவனும் 'பென்ஷன் கோச்' என்று சொன்னதில்லை என்று அழகர்ராஜா ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். நான்தான் இவ்வாண்டு முழுவதும் வரவில்லை. முழங்கால் என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பையன், பையன் என்ன, இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, அன்று இரவெல்லாம் சேணத்துக்குக் கீழே, இதோ இந்தச் சரிவில், இந்த ஈச்சம்புதர்களுக்கிடையில், முழங்கை கிழிய இறங்கி இறங்கித் தேடினான். பன்னிரண்டு பேர் தேடினார்கள், கீழேதான் தேடினார்கள். சேணத்தில் எண்ணிக்கை முழுதாக இருந்தது. ஆகவே அவர்கள் சேணத்தைக் கடந்திருக்கிறார்கள். ஆகவே கீழேதான் எங்கோ இருக்க வேண்டும். ஆகவே, ஆகவே. தர்க்கத்தில் பிழையில்லை. முதல் வரி மட்டும் பிழை. மறுநாள் பதினொரு மணிக்குத்தான் மேலே போனார்கள், சேணத்துக்கும் மேலே, இரட்டைப் பாறைக்கு அருகிலுள்ள பிளவில். தெய்வானை விழுந்த நொடியிலேயே போய்விட்டாள் என்றார் மருத்துவர். கோதண்டத்துக்கு உள்ளங்கைச் சிராய்ப்பைத் தவிரக் காயமே இல்லை. பிளவுக்குள் இறங்கியவருக்குத் திரும்ப ஏற வழியில்லை. மழை, காற்று. விடியற்காலை நான்கிலிருந்து ஆறுக்குள், என்றார் மருத்துவர். தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தியிருந்தார். மருந்துக்கடைக்காரர், நாடி பார்க்கத் தெரியாதா. தெரிந்தும் போர்த்தியிருந்தார்.

நடக்கிறோம். பனி கொஞ்சம் கிழிந்து ஒரு துண்டு வானம் தெரிந்து மறுபடி தைக்கப்படுகிறது. வருகைப் பதிவேடு ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது, நீல அட்டை, சிவப்பு மை. உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா, மழைநீர்க் குழாய்போல ஒரே சீராக ஓடிவந்த குரல்களில் ஒரு குரல் இருமுறை வந்தது. ஒன்பதாம் வகுப்பு, செண்பகம் என்று ஒரு பெண், தன் தோழிக்காகவும் சேர்த்து உள்ளேன் என்றுவிட்டாள். அவளை மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். "இல்லாத ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னால், அவளைத் தேட வேண்டியவர்கள் தேடமாட்டார்கள். புரிகிறதா?" நானே சொன்னது, இதே வாய். அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் தோழி வயிற்றுவலியோடு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள், மாலையில் கண்டுபிடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு மூன்று நாள். எனக்கு எத்தனை நாள்? கணக்கிடாதே, மேலே பார்த்து நட, கல் வழுக்குகிறது. அன்று இரட்டைப் பாறையில் அவள் உட்கார்ந்துவிட்டாள், காலணிக்கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். கோதண்டம் பையைத் திறந்து தொண்டைக்கு ஏதோ மிட்டாய் தேடினார். "நீ போ வல்லி, உன் டைம்டேபிள் கெட்டுப்போகும், பின்னாடியே வந்துட்டோம்." நான் போனேன். பத்து நிமிடத்துக்கு முன்புதான் பார்த்தேன் என்று காவல்துறையிடம் சொன்னேன். பத்தா? இரட்டைப் பாறையிலிருந்து சேணத்துக்கு என் நடையில் பத்து நிமிடமா? இளையவர்களுக்கே பதினைந்து. எனக்கு இருபத்தைந்து. இருபத்தைந்து நிமிடம் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறேன். சேணத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள், மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "டீச்சர், சீக்கிரம், மழ வருது!" என்றார் அழகர்ராஜா. "பென்ஷன் கோச், பிளாட்பாரத்துக்கு வந்தாச்சா?" என்றான் நிவேதன். ஒன்று, இரண்டு, மூன்று, ஓடிவந்தது எண். ஐந்து, ஆறு, ஏழு. என் வாய் வாய்ப்பாடு போலத் திறந்தது. எட்டு, ஒன்பது, பத்து. ஒரே மூச்சில். எங்கும் தடுக்கவில்லை. அவ்வளவு அழகாக, திருத்தமாக, ஒலிச்சிதைவின்றி.

அதுவரைகூட மன்னிக்கலாம் என்று ஓராண்டாக எனக்கு நானே தீர்ப்பெழுதி வருகிறேன். காற்று, மழை, பழக்கம், அவர்கள் வந்துகொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கை. பிழை, குற்றம் இல்லை. இந்த இடத்தில் தீர்ப்பு எப்போதும் நின்றுவிடும், அடுத்த தாளைப் புரட்டமாட்டேன். அடுத்த தாளில் ஊற்று இருக்கிறது. ஐந்தரை மணி. ஊற்றில் ஏனோ மறுபடி எண்ணினார்கள், ஏழு தாண்டி எட்டு வந்தது, எட்டோடு நின்றது. ஊற்றில் காற்றில்லை. ஊற்றில் பனியும் இல்லை. என் பின்னால் வெறும் பாதை கிடந்தது. அழகர்ராஜா என்னிடம் ஓடிவந்தார். "டீச்சர், சேணத்துல ரெண்டு பேரும் இருந்தாங்கள்ல? நீங்க பாத்தீங்கள்ல?" வாயைத் திறந்தேன். அப்போது எனக்குத் தெரியும். சேணத்தில் தெரியாது என்று வைத்துக்கொண்டாலும் ஊற்றில் தெரியும், தெளிவாகத் தெரியும், கரும்பலகையில் எழுதிவைத்தது போலத் தெரியும்: நான் பார்க்கவில்லை. நான் கேட்கவில்லை. சொல்வதற்குள் மாசிலாமணி டார்ச் விளக்கைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டார், சேணத்தில் பத்தும் கேட்டது, டீச்சர் வாயால் வந்தது, அதில் தப்பு வராது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஐயமே இல்லை. முப்பத்துநான்கு ஆண்டு ஆசிரியப் பணியிலும் பதினோராண்டு மலையிலும் நான் சேர்த்துவைத்த அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. தப்பு வந்துவிட்டது என்று சொல்ல ஒரு நொடி வேண்டும். அந்த ஒரு நொடி நான் எதையோ நேர்ப்படுத்திக்கொண்டிருந்தேன், பையின் வாரையா, முந்தானையையா. பிறகு அவர்கள் விளக்குகளோடு ஏறி, சேணத்துக்குக் கீழேயுள்ள சரிவுகளில் பரவிவிட்டார்கள். விடியவிடிய அந்த விளக்குகள் தவறான இடத்தில் மின்மினிபோல நகர்வதை ஊற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எனக்குத் தேநீர் தந்தார்கள். குடித்தேன். சூடாக இருந்தது.

புல் தொடங்கிவிட்டது. மரங்கள் முடிந்தால் புல், புல் வளைந்தால் சேணம். பனி இங்கே தரையோடு ஓடுகிறது, முழங்காலுக்குக் கீழே எவருக்கும் கால்கள் இல்லை, எல்லோரும் மிதந்து வந்து நின்றிருக்கிறார்கள். இன்று காற்றே இல்லை. ஒரு புல்லும் அசையவில்லை. ஒருவேளை இப்படி எண்ணலாமா: இரண்டு சொற்கள்தானே. ஒன்பது, பத்து. சொல்லிவிட்டால் மூடிவிடும், இனி எவரும் அவற்றைச் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். வத்சலாவிடம், டோக்கன் கூப்பிடுவது போல இழுத்துத்தான் சொன்னார் அம்மா, என்று சொல்லலாம். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போவாள், வைத்துக்கொள்வாள், அவளுக்கு அது போதும், எவருக்கும் நட்டமில்லை. எவ்வளவு இதமான வாக்கியம். இதமான வாக்கியங்களை நான் எப்போதும் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். வத்சலா என் அருகே வந்து நிற்கிறாள், இரு கையாலும் தடியைப் பற்றி, காதை என் பக்கம் சாய்த்து. கேட்பதற்காகவே ஏறி வந்தவள். அழகர்ராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமுகிறார். "ஒன்று," என்கிறார். இரண்டு. மூன்று. குரல் என்னை நோக்கி நடந்து வருகிறது, அவசரமில்லாமல், தெரிந்தவர் வீட்டுக்கு வருவதுபோல. நான்கு. ஐந்து, நிவேதன், மெதுவாக. ஆறு. ஏழு.

"எட்டு," என்றேன்.

பிறகு ஒன்றும் சொல்லவில்லை. புல்வெளி கேட்டுக்கொண்டிருந்தது. "டீச்சர்," என்றார் அழகர்ராஜா தணிந்த குரலில், "ரெண்டு எண்ணு இருக்கு." "இல்ல," என்றேன். "அன்னைக்கும் இல்ல. ஒன்பதும் வரல, பத்தும் வரல. நான்தான் சொன்னேன், மூணையும். தட்டுற சத்தம் எதுவும் எனக்குக் கேக்கல. திரும்பிப் பாத்தேன், யாரையும் காணல."

யாருக்கும் உடனே விளங்கவில்லை. மாசிலாமணிதான் முதலில் வாய் திறந்தார். "டீச்சர், அன்னைக்கு அடிச்ச காத்துக்கு..." "காத்து மேல போடாதீங்க மாசிலாமணி." அழகர்ராஜா என் அருகே வந்தார். "ஊத்துல வச்சு உங்கள நேராக் கேட்டேனே டீச்சர்." "கேட்டீங்க." "அப்பவே தெரியுமா?" "தெரியும்." அவர் பின்வாங்கவில்லை, முன்னாலும் வரவில்லை, ஏதோ ஒரு கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவர்போல என்னையே பார்த்தபடி நின்றார். நிவேதன் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப அவரு பத்துன்னு சொல்லவே இல்லையா?" வத்சலா. "இல்லம்மா." "எங்க இருந்தாரு அப்ப?" "மேல. இரட்டைப் பாறைக்கிட்ட." அவள் மேட்டைப் பார்த்தாள். பனியில் பாறை தெரியவில்லை. "இங்கிருந்து விசில் ஊதினா அங்க கேக்குமா?" மாசிலாமணி மறுபடி ஏதோ சொல்ல வந்தார். "கேக்கும்," என்றேன். "அந்தக் காத்துலயும் கேட்டிருக்கும்." அவள் தலையை ஆட்டினாள், விலை சொன்னால் ஆட்டுவதுபோல. "மாசம் ஒருவாட்டி பிரஷர் மாத்திரை வாங்க வந்தீங்களே டீச்சர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். பன்னெண்டு தடவை." "ஆமாம்மா." "அவரு படத்துக்குக் கீழதான் நின்னீங்க." அவள் என்னை விட்டு அழகர்ராஜாவிடம் திரும்பினாள். "ஒரு எண்ணு கொறஞ்சா நீங்க என்ன செய்வீங்க? அவரு ஏதோ சொல்லுவாரு, விதின்னு." "பையை இறக்கி வச்சுட்டு நிப்போம்மா. விசில் ஊதுவோம்." "அன்னைக்கு நிக்கல." "நிக்கல." "இப்ப நில்லுங்க."

அழகர்ராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கட்டளையிடும் குரல் எழாமல், பையைத் தோளிலிருந்து இறக்கி அவரே முதலில் புல்லில் வைத்தார். ஒவ்வொரு பையாகத் தரைக்கு வந்தது. நானும் இறக்கினேன். என் பக்கத்தில் வந்து நிற்க எவரும் முயலவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. முதல் விசில் மேட்டை நோக்கிச் சென்றது, பனியைக் கிழிக்காமல் அதற்குள் நுழைந்து, வெகுதூரத்தில் எங்கோ பாறையில் மோதி மெலிந்து திரும்பி வந்தது. அடுத்த நிமிடம் அடுத்தது. நான்காவதையோ ஐந்தாவதையோ வத்சலா தன் கையில் வாங்கிக்கொண்டாள். முதல்முறை வெறும் காற்றுதான் வந்தது. நிவேதன் எழுந்துபோய், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினான். பிறகு அவளே ஊதினாள், நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிட உரக்க, ஊதியபின் ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி. தெய்வானை பாறையில் அமர்ந்து காலணியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், கோதண்டம் பையில் மிட்டாயைத் துழாவுகிறார், ஒலி கேட்டு இருவரும் தலை நிமிர்கிறார்கள். பத்தொன்பது. இருபது. எட்டு நாற்பத்தேழுக்கு இறக்கிய பைகளை ஒன்பது ஏழுக்கு எடுத்தோம். ஓராண்டு தாமதமாக, ஒரு நொடியும் குறையாமல், இருபது நிமிடம்.